முதல் டெஸ்ட் எளிது, இரண்டாவது டெஸ்ட்தான் பாடு: தருமபுரி, கிருஷ்ணகிரியில் பச்சிளம் குழந்தைகளின் காது

குழந்தைக்குக் காது கேட்கிறதா என்று பார்க்க நம் வீடுகளில் பழைய வழி ஒன்று உண்டு. தொட்டிலுக்குப் பின்னால் நின்று எவர்சில்வர் தட்டைக் கீழே போடுவார்கள். குழந்தை திடுக்கிட்டால் "கேக்குது, கேக்குது" என்று சொல்லிவிட்டு அவரவர் வேலையைப் பார்க்கப் போவார்கள். கை தட்டிப் பார்ப்பது, குக்கர் விசில் அடிக்கும்போது முகத்தைக் கவனிப்பது எல்லாம் இந்த வகைதான். இதில் காது கேளாத குழந்தையும் பெரும்பாலும் தேறிவிடும் என்பதுதான் சிக்கல். தட்டு விழுந்தால் தரை அதிர்கிறது. கை தட்டினால் காற்று கன்னத்தில் படுகிறது, ஓரக்கண்ணில் நிழல் ஆடுகிறது. குழந்தை அதற்குத் திரும்புகிறது. கடுமையான குறைபாடு உள்ள பல குழந்தைகளுக்குத் தாழ்ந்த சுருதி ஒலிகள் கொஞ்சம் மிஞ்சியிருக்கும். பறைச் சத்தத்துக்கும் லாரி இரைச்சலுக்கும் தலை திருப்பும் அந்தக் குழந்தைக்கு அம்மா பேச்சில் உள்ள 'ச'வும் 'த'வும் எட்டாமலே போகலாம்.

போதாக்குறைக்கு, காது கேளாத குழந்தையும் முதல் சில மாதங்களில் 'ங்கா' சொல்லும், சிரிக்கும், அழும். ஆறு ஏழு மாதத்தில் மற்ற குழந்தைகள் 'பாபா', 'மாமா' என்று அடுக்க ஆரம்பிக்கும்போதுதான் இதன் குரல் மெல்ல அடங்கும். அந்த அடக்கத்தை யாரும் கவனிப்பதில்லை. ஒரு வயது தாண்டியதும் நாக்கில் வசம்பு உரசித் தடவுவார்கள். "அவங்க அப்பனும் மூணு வயசுலதான் வாயத் தொறந்தான்" என்று பாட்டி சொல்வார். "ஆம்பளப் புள்ள லேட்டாத்தான் பேசும்" என்று பக்கத்து வீட்டில் சொல்வார்கள். இப்படி இரண்டு, மூன்று வருடங்கள் ஓடிவிடும். பேச்சு வரவில்லை என்று டாக்டரிடம் போகிறவர்களில் பலர், குறை வாயில் இருப்பதாக நினைத்துக்கொண்டுதான் போகிறார்கள்.

இந்த இரண்டு மூன்று வருடம் ஏன் இவ்வளவு முக்கியம்? கருவில் இருக்கும் குழந்தையின் உட்காது ஏறக்குறைய ஆறாம் மாதத்திலேயே ஒலியை உணர ஆரம்பித்துவிடும். பிறந்தபின் மூளையின் கேட்கும் பகுதி, வந்து விழும் ஒலிகளைக் கொண்டே தன்னை அமைத்துக்கொள்கிறது. ஒலி வராவிட்டால் அந்த இடத்தைப் பார்வை போன்ற மற்றப் புலன்கள் எடுத்துக்கொள்ள ஆரம்பிக்கும். காக்ளியர் இம்ப்ளான்ட், அதாவது அறுவை சிகிச்சை செய்து உட்காதுக்குள் பொருத்தும் கேட்புக் கருவி, வைத்த குழந்தைகளின் மூளை அலைகளைப் பதிவு செய்து அமெரிக்காவில் 2002இல் வெளியான ஆய்வு, சுமார் மூன்றரை வயதுக்குள் ஒலி கிடைத்தால் மூளை இயல்பான பாதைக்கு வந்துவிடுகிறது என்றும், ஏழு வயதுக்கு மேல் பெரும்பாலும் அப்படி வருவதில்லை என்றும் காட்டியது. அதற்கு முன்பே, 1998இல் கொலராடோவிலிருந்து வந்த ஆய்வில், ஆறு மாதத்துக்குள் குறைபாடு கண்டறியப்பட்ட குழந்தைகள் பின்னர் கண்டறியப்பட்டவர்களைவிட மொழியில் தெளிவாக முன்னே இருந்தார்கள். இவற்றின் அடிப்படையில்தான் உலகம் முழுக்க ஒரு கணக்கு புழங்குகிறது: ஒரு மாதத்துக்குள் முதல் பரிசோதனை, மூன்று மாதத்துக்குள் குறைபாட்டை உறுதி செய்வது, ஆறு மாதத்துக்குள் காதில் மாட்டும் மெஷினும் பயிற்சியும். 2019இல் அமெரிக்க நிபுணர் குழு, முடிந்த இடங்களில் இதை 1, 2, 3 மாதமாகக் குறைக்கலாம் என்றது. நமக்கு முதலில் 1-3-6 வசப்படட்டும்.

எத்தனை குழந்தைகள்?

பிறவியிலேயே நிரந்தரக் கேட்புக் குறைபாடு ஆயிரம் பிறப்புக்கு ஒன்று முதல் மூன்று என்பது பரவலாக ஒப்புக்கொள்ளப்பட்ட அளவு. 2011 கணக்கெடுப்பில் தருமபுரி மாவட்டத்தில் 15 லட்சம் பேர், கிருஷ்ணகிரியில் கிட்டத்தட்ட 18.8 லட்சம் பேர். 2020இல் தமிழகத்தின் பிறப்பு விகிதம் ஆயிரத்துக்குச் சுமார் 14. குத்துமதிப்பாகப் போட்டால் இரண்டு மாவட்டத்திலும் சேர்த்து ஆண்டுக்கு 47,000 குழந்தைகள் பிறக்கின்றன. அவற்றில் 50 முதல் 140 வரை காது கேளாமல் பிறக்கும். நடுவாக எடுத்தால் நாலு நாளுக்கு ஒன்று.

இந்த எண்ணிக்கையைக் கூட்டக்கூடிய சில காரணங்கள் இந்தப் பக்கம் உண்டு. சொந்தத்தில் கல்யாணம் அவற்றில் ஒன்று. தேசியக் குடும்ப நல ஆய்வின்படி தமிழகத் திருமணங்களில் கால்வாசிக்கு மேல் உறவுக்குள் நடப்பவை. தாய்மாமன் மகன், அத்தை மகன், இங்கே தாய்மாமனே மாப்பிள்ளை. பிறவிக் காது கேளாமையின் மரபணுக் காரணங்களில் பெரும்பகுதி, அப்பா அம்மா இருவரிடமிருந்தும் ஒரே மரபணுவின் பழுதான பிரதி வந்தால்தான் வெளிப்படும் வகை. கனெக்சின் 26 என்ற புரதத்துக்கான மரபணுவில், இந்தியர்களிடம் அதிகம் காணப்படும் டபிள்யூ24எக்ஸ் என்ற மாற்றம் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. இதைச் சொல்லும்போது ஒன்றையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். உறவில் திருமணம் செய்தவர்களின் குழந்தைகளில் மிகப் பெரும்பாலோருக்குக் காது நன்றாகவே கேட்கும். காது கேளாத குழந்தைகளில் பத்துக்கு ஒன்பதுக்கு மேல் பிறப்பது கேட்கும் பெற்றோருக்குத்தான். "உங்க சொந்தத்துல பண்ணதாலதான்" என்று மருமகளைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவதற்கு இந்த மரபணுக் கதையைப் பயன்படுத்துகிறவர்கள் உண்டு. மாமனும் அத்தையும் சேர்ந்து முடித்த கல்யாணத்துக்கு அவள் என்ன செய்வாள்?

கர்ப்பத்தின் தொடக்கத்தில் தாயைத் தாக்கும் ரூபெல்லா இன்னொரு காரணம். இது மட்டும் ஊசியால் முழுக்கத் தடுக்கக்கூடியது. 2017 பிப்ரவரியில் தமிழகத்தில் 9 மாதம் முதல் 15 வயது வரை எல்லோருக்கும் தட்டம்மை-ரூபெல்லா ஊசி போட்டபோது வாட்ஸ்அப் வதந்திகள் எப்படிப் பறந்தன என்பது பலருக்கு நினைவிருக்கும். அன்று பள்ளியில் வரிசையில் நின்று ஊசி போட்டுக்கொண்ட பெண்கள்தான் இன்று பிரசவ வார்டுகளில் இருக்கிறார்கள்.

மூன்றாவது காரணம், நாம் பெருமைப்பட வேண்டிய ஒன்றின் மறுபக்கம். அரசு மருத்துவமனைகளின் பச்சிளம் குழந்தைகள் தீவிர சிகிச்சைப் பிரிவு, அதாவது எஸ்என்சியு, முன்பு பிழைக்காத குழந்தைகளைப் பிழைக்க வைக்கிறது. எடை குறைந்து பிறந்தவை, மூச்சுத் திணறியவை, மஞ்சள் காமாலை தலைக்கேறியவை, ஜென்டாமைசின், அமிக்காசின் போன்ற மருந்துகள் நாள்கணக்கில் தேவைப்பட்டவை. இந்தக் குழந்தைகளுக்குக் கேட்புக் குறைபாடு வரும் வாய்ப்பு சாதாரணக் குழந்தைகளைவிடப் பல மடங்கு அதிகம். சிறு வயதுத் திருமணமும் பதின்ம வயதுப் பிரசவமும் இன்னும் முற்றாக ஒழியாத மாவட்டங்கள் இவை. எடை குறைந்த குழந்தைகள் எங்கிருந்து வருகின்றன என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

"அப்போ எஸ்என்சியு குழந்தைகளுக்கு மட்டும் டெஸ்ட் பண்ணினால் போதாதா? செலவு மிச்சமாகுமே" என்று நிர்வாகத்தில் இருப்பவர்கள் கேட்பது நியாயமான கேள்விதான். ஆனால் காது கேளாமல் பிறக்கும் குழந்தைகளில் கிட்டத்தட்டப் பாதிப் பேருக்கு எந்த ஆபத்துக் காரணியும் இருக்காது. நிறைமாதம், சுகப்பிரசவம், மூணு கிலோ, மூன்றாம் நாள் வீடு. அந்தப் பாதியை விட்டுவிட வேண்டியதாகும்.

மெஷின் என்ன செய்கிறது?

1978இல் லண்டனில் டேவிட் கெம்ப் என்ற இயற்பியலாளர் ஒரு விசித்திரமான விஷயத்தை வெளியிட்டார். நலமான காது ஒலியைக் கேட்பதோடு நிற்காமல், மிக மெல்லிய ஒலி ஒன்றைத் திருப்பியும் அனுப்புகிறது. உட்காதின் மயிர்ச் செல்கள் வேலை செய்யும்போது எழும் எதிரொலி அது. ஓஏஇ என்று சொல்லும் கருவி இதைத்தான் பிடிக்கிறது. சின்ன ரப்பர் முனையைக் குழந்தையின் காதில் வைத்தால், உள்ளே இருக்கும் ஸ்பீக்கர் ஒலி கொடுக்கும், மைக் பதிலைக் கேட்கும். குழந்தை தூங்கிக்கொண்டிருந்தால் இரண்டு காதுக்கும் சேர்த்துச் சில நிமிடம். வலி இல்லை, ஊசி இல்லை, மயக்க மருந்து இல்லை. திரையில் 'பாஸ்' என்றோ 'ரெஃபர்' என்றோ வரும். சில நாள் பயிற்சி பெற்ற நர்ஸம்மாவே செய்துவிடலாம்.

இதற்கு இரண்டு பலவீனங்கள். காதுக்குழாயில் பிறப்பின்போது சேர்ந்த மாவுப்படலமும் நீரும் இருந்தால் எதிரொலி வெளியே வராது. நல்ல காதுக்கும் 'ரெஃபர்' என்றே காட்டும். அதனால்தான் பிறந்த முதல் நாளில் செய்தால் ஏகப்பட்ட பேர் தவறுவார்கள், 48 மணி நேரம் கழித்துச் செய்தால் எண்ணிக்கை நன்றாகக் குறையும். குளிப்பாட்டும்போது காதில் எண்ணெய் விடும் வழக்கம் இருந்தால் அதுவும் கெடுக்கும். வேறு காரணங்களுக்காகவும் அந்த வழக்கத்தை விட்டுவிடுவது நல்லது. இன்னொரு பலவீனம் இதைவிடப் பெரிது. காது வேலை செய்து, அங்கிருந்து மூளைக்குப் போகும் நரம்பு வேலை செய்யாத குழந்தைக்கும் ஓஏஇ 'பாஸ்' என்றே சொல்லும். மஞ்சள் காமாலை கடுமையாகி ரத்தம் மாற்றப்பட்ட குழந்தைகளிடமும், மூச்சுத் திணறிய குழந்தைகளிடமும் இந்தக் கோளாறு அதிகம். ஆகவே எஸ்என்சியு குழந்தைகளுக்கு நெற்றியிலும் காதுக்குப் பின்னாலும் ஒட்டுமுனை ஒட்டி, நரம்பு வழியே மூளைத் தண்டுக்கு ஒலி போய்ச் சேர்கிறதா என்று பார்க்கும் டெஸ்டே வேண்டும். மருத்துவமனைகளில் இதைப் 'பேரா' என்பார்கள். இதன் தானியங்கி வடிவம் 'பாஸ்', 'ரெஃபர்' என்று தானே முடிவு சொல்லிவிடும்.

வெளிநாட்டு மெஷின் சில லட்சம் ரூபாய். பெங்களூரைச் சேர்ந்த சோஹம் இன்னொவேஷன் லேப்ஸ், மத்திய உயிரித் தொழில்நுட்பத் துறையின் ஆதரவோடு, பேட்டரியில் ஓடும், கையில் தூக்கிச் செல்லக்கூடிய மூளைத்தண்டுப் பரிசோதனைக் கருவியை 2017இல் வெளியிட்டது. ஆக, ஓசூரிலிருந்து ஒரு மணி நேரத்தில் போய்ச் சேரும் ஊரிலேயே மெஷின் தயாராகிறது. மெஷினுக்கு ஆகும் செலவை நாம் பெரிதாகப் பேசுகிறோம் என்பது என் அபிப்பிராயம். ஒரு மருத்துவமனைக் கட்டடத் திறப்பு விழாவின் பந்தல் செலவோடு ஒப்பிட்டால் அது பெரிய தொகையே இல்லை. காது முனைகள் தீர்ந்து போவது, ஆண்டுக்கு ஒருமுறை மெஷினின் அளவீட்டைச் சரிபார்க்க ஆள் வராதது, பயிற்சி பெற்ற நர்ஸை அடுத்த மாதமே வேறு வார்டுக்கு மாற்றுவது, இவைதான் மெஷினை பீரோவுக்குள் கொண்டுபோய் வைக்கின்றன.

திரும்பி வராதவர்கள்

ஒரு கணக்கைப் பார்ப்போம். ஆயிரம் குழந்தைகள், அவர்களில் உண்மையில் காது கேளாதவர்கள் இரண்டு பேர். இரைச்சலான வார்டில், அவசரமாகச் செய்த முதல் டெஸ்டில் நூறு பேருக்கு 'ரெஃபர்' வருகிறது என்று வையுங்கள். அந்த நூறில் 98 பேருக்குக் காதில் ஒன்றும் இல்லை. இரண்டாவது முறை பார்த்தால்தான் அது தெரியும். இரண்டாவது முறை யார் வருவார்?

தருமபுரி, கிருஷ்ணகிரி குடும்பங்கள் எப்படி நகர்கின்றன என்பதை வைத்துத்தான் இதற்குப் பதில் சொல்ல முடியும். முதல் பிரசவம் தாய் வீட்டில். அரூர் பக்கத்துப் பெண் ஊத்தங்கரை மாமியார் வீட்டிலிருந்து வந்து, தருமபுரி ஜி.எச்.சில் பிரசவித்து, மூன்று மாதமோ ஐந்து மாதமோ அம்மா வீட்டில் இருந்துவிட்டுத் திரும்பிப் போவாள். புருஷன் பெங்களூரில் கட்டட வேலையிலோ திருப்பூரில் பனியன் கம்பெனியிலோ இருந்தால் குழந்தையோடு அங்கேயே போய்விடுவாள். ரெஜிஸ்டரில் எழுதிய செல்போன் எண் அண்ணனுடையதாக இருக்கும். ரீசார்ஜ் முடிந்திருக்கும். பிரசவித்த உடம்போடு, நாற்பது நாள் கூட ஆகாத பிள்ளையைத் தூக்கிக்கொண்டு, சித்தேரி மலையிலிருந்தோ பெட்டமுகிலாளத்திலிருந்தோ அஞ்செட்டியிலிருந்தோ பஸ் பிடித்து, "காதுல மறுபடியும் ஒரு டெஸ்ட்" என்று மட்டும் சொல்லிவிட்ட ஒன்றுக்காக மாவட்டத் தலைநகருக்கு வர வேண்டும். கூட ஒரு ஆள் வர வேண்டும், அவருக்கு அன்றைய கூலி போகும். அதற்குள் பாட்டி தட்டைப் போட்டுப் பார்த்து, "நல்லாத்தான் கேக்குது" என்று தீர்ப்பும் சொல்லியிருப்பார்.

அழைக்கப்பட்டவர்களில் பாதிப் பேர் வரவில்லை என்றால், காது கேளாத குழந்தைகளிலும் ஏறக்குறைய பாதி கையை விட்டுப் போகும். மெஷின் எவ்வளவு துல்லியமானது என்பதற்கு அப்புறம் பொருளே இல்லை. அளவில்லாமல் பொய் எச்சரிக்கை அடித்தால் இன்னொன்றும் நடக்கும். நூறு பேரை வரச்சொல்லி 98 பேரைச் சும்மா திருப்பியனுப்பினால், அடுத்த பிரசவத்துக்குள் "அந்த மெஷின் எல்லாருக்கும் அப்படித்தான் சொல்லும்" என்ற பேச்சு ஊருக்குள் பரவிவிடும். நர்ஸம்மாக்களே அதை நம்ப ஆரம்பித்துவிடுவார்கள். அதனால் ஸ்கிரீனிங் திட்டம் ஒன்றை மதிப்பிட எத்தனை குழந்தைக்கு டெஸ்ட் செய்தீர்கள் என்று கேட்பது வீண். ரெஃபர் ஆனவர்களில் எத்தனை பேர் திரும்ப வந்தார்கள் என்று கேட்க வேண்டும்.

இதை மற்றவர்கள் எப்படிச் சமாளித்தார்கள்? கொச்சியில் 2003இல் ஆரம்பித்த ஏற்பாடு எனக்குப் பிடித்தது. ஒவ்வொரு மருத்துவமனைக்கும் மெஷின் வாங்காமல், ஒரே ஓஏஇ கருவியோடு ஒருவர் வாரத்தில் குறித்த நாட்களில் மருத்துவமனை மருத்துவமனையாகப் போய்ப் பரிசோதித்தார். தனியார் மருத்துவமனைகளும் அதில் சேர்ந்தன. நைஜீரியாவின் லாகோஸில் நிலைமை வேறு. அங்கே பல பிரசவங்கள் மருத்துவமனைக்கு வெளியே நடப்பதால், பிசிஜி ஊசி போடும் முகாம்களிலேயே காது பரிசோதனையை வைத்துப் பார்த்தார்கள். தாய்மார்கள் எப்படியும் வரும் இடத்துக்கு மெஷின் போனது.

தமிழகத்தில் 99 சதவீதத்துக்கு மேல் பிரசவங்கள் மருத்துவமனையில்தான். லாகோஸுக்கு இல்லாத வசதி இது. முதல் டெஸ்டுக்கு எல்லாக் குழந்தையும் நம் கண் முன்னால் இருக்கிறது. ஆகவே நம்முடைய பற்றாக்குறை இரண்டாவது டெஸ்டில்தான். அதற்கான இடமும் நம்மிடம் தயாராகவே இருக்கிறது: 45 நாள் ஊசி.

புதன்கிழமை

கிராம சுகாதார செவிலியர் புதன்கிழமை ஊசி போடுவார் என்பது சின்னப் பிள்ளைக்கும் தெரியும். ஆறு வாரத்தில் பென்டா, போலியோ சொட்டு மருந்து என்று அன்று வந்தே ஆக வேண்டும். வராவிட்டால் செவிலியர் வீடு தேடிப் போவார், அங்கன்வாடி டீச்சர் கேட்பார். அந்த வயதில் காதுக்குழாயில் பிறந்தபோது இருந்த மாவும் நீரும் இருக்காது. மூன்று மாதக் கெடுவுக்கு இன்னும் ஆறு வாரம் கையில் இருக்கும். பிரசவ வார்டில் ரெஃபர் ஆன குழந்தை வேறு எங்கும் வர வேண்டாம், அந்தப் புதன்கிழமை வந்தால் போதும் என்று அமைத்தால் சங்கிலியின் பலவீனமான கண்ணி தானாக வலுவாகும். வட்டாரத்துக்கு ஒரு மெஷின், அதை ஆர்பிஎஸ்கே என்ற தேசியக் குழந்தைகள் நலத் திட்டத்தின் வண்டி எடுத்துப் போகட்டும். ஒரு நடைமுறைக் குறிப்பு: ஊசிக்கு முன்னால், பால் கொடுத்துத் தூங்க வைத்து, தள்ளி உள்ள அறையில் செய்ய வேண்டும். ஊசி போட்டபின் அந்த இடத்தில் எந்த மெஷினும் எதையும் கேட்க முடியாது.

ஆர்பிஎஸ்கே 2013 பிப்ரவரியில் தொடங்கியது. பிறப்பு முதல் 18 வயது வரை 30 நிலைகளைக் கண்டறிவது அதன் வேலை. பிறவிக் குறைபாடுகள் என்று ஒன்பதைப் பட்டியலிட்டிருக்கிறார்கள், அதில் பிறவிக் காது கேளாமையும் உண்டு. மற்றவற்றில் உதட்டுப் பிளவு, வளைந்த பாதம் போன்றவை கண்ணால் பார்த்தாலே தெரியும். காதை அப்படிப் பார்க்க முடியாது. பட்டியலில் பெயர் இருப்பதும் குழந்தை பரிசோதிக்கப்படுவதும் ஒன்றல்ல. அதற்கு முன்பே 2007இல் தேசியக் காது கேளாமைத் தடுப்புத் திட்டம் 25 மாவட்டங்களில் சோதனை முறையில் ஆரம்பித்தது. திட்டங்களுக்குப் பஞ்சமில்லை, திட்டங்கள் ஒன்றோடொன்று பேசிக்கொள்வதற்குத்தான் பஞ்சம்.

அந்தப் பேச்சுக்கு வழி ஒன்று ஏற்கெனவே திறந்திருக்கிறது. தமிழகத்தில் ஒவ்வொரு கர்ப்பிணிக்கும் பிக்மி என்ற அரசுக் கணினிப் பதிவில் ஒரு எண் உண்டு. அந்த 12 இலக்க எண் இல்லாமல் பிறப்புச் சான்றிதழ் கிடைக்காது. தனியார் மருத்துவமனையில் பிறந்தாலும் அப்படித்தான். அந்தப் பதிவில் 'வலது காது, இடது காது, பாஸ், ரெஃபர், மறு தேதி' என்று ஒரு வரியைக் கட்டாயமாக்கினால், அரூரில் ரெஃபர் ஆன குழந்தை திருப்பூரில் ஊசி போட வரும்போது அங்குள்ள செவிலியரின் திரையில் தெரியும். பெங்களூருக்குப் போனால் தெரியாது என்பது உண்மை. மாநில எல்லை நம் மாவட்டங்களுக்குப் பெரிய தலைவலி, ஓசூர்க்காரருக்குக் கிருஷ்ணகிரியைவிடப் பெங்களூரு கிட்டம். அவர்களுக்குக் குறைந்தபட்சம் தடுப்பூசி அட்டையிலாவது முடிவைப் பேனாவால் எழுதிக் கொடுக்க வேண்டும்.

வீடு வீடாகப் போக ஆளும் உண்டு. மக்களைத் தேடி மருத்துவம் திட்டம் 2021 ஆகஸ்ட் 5 அன்று தொடங்கப்பட்டதே கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில்தான். ரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்க்கப் போகும் அதே பெண் தன்னார்வலரிடம், அந்த ஊரில் வராமல் போன குழந்தையின் பெயரைக் கொடுப்பது பெரிய காரியமில்லை.

உறுதி செய்யும் டெஸ்ட் வேறு மாதிரி. முழு அளவு 'பேரா' பார்த்து, எந்தக் காதில் எத்தனை டெசிபல் என்று சொல்ல ஆடியாலஜிஸ்ட், அதாவது கேட்புத் திறன் நிபுணர், வேண்டும். மாவட்டத்தில் அப்படிப்பட்டவர்கள் விரல் விட்டு எண்ணும் அளவுதான் இருப்பார்கள் என்று வைத்தே திட்டமிட வேண்டும். 2008இல் தொடங்கிய தருமபுரி அரசு மருத்துவக் கல்லூரியும், 2022 ஜனவரியில் திறக்கப்பட்ட கிருஷ்ணகிரி அரசு மருத்துவக் கல்லூரியும் இதற்கு இயல்பான இடங்கள். அது தவிர, சென்னை ஸ்ரீராமச்சந்திரா நிறுவன ஆய்வாளர்கள் தமிழகக் கிராமங்களில் இன்னொரு வழியைச் சோதித்துக் காட்டியிருக்கிறார்கள். பயிற்சி பெற்ற கிராமப் பணியாளர் குழந்தைக்கு ஒட்டுமுனை ஒட்டுவார், தொலைவில் அமர்ந்திருக்கும் ஆடியாலஜிஸ்ட் இணைப்பு வழியே டெஸ்டை நடத்தி முடிவைப் படிப்பார். அஞ்செட்டிக் குழந்தை மலையிறங்காமலே பதில் பெற இதுதான் வழி.

கண்டுபிடித்த பிறகு

சிகிச்சைக்கு வழி இல்லாமல் குறையை மட்டும் கண்டுபிடித்துச் சொல்வது கொடுமை என்பார்கள். தமிழகத்தில் அந்தச் சாக்குக்கு இடமில்லை. முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்தில், ஆண்டு வருமானம் 1.2 லட்சம் ரூபாய்க்குள் உள்ள குடும்பங்களின் ஆறு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்குக் காக்ளியர் இம்ப்ளான்ட் அறுவை சிகிச்சை இலவசம். ஆறு வயது வரை என்று இருப்பதால் ஐந்து வயதில் வந்தாலும் போதும் என்று யாரும் எடுத்துக்கொள்ளக் கூடாது. மூளையின் கெடு முன்பே முடிந்துவிடும். மூளைக்காய்ச்சலுக்குப் பிறகு காது போன குழந்தைக்கு அவசரம் இன்னும் அதிகம், உட்காது எலும்பாக இறுகிவிட்டால் கருவியை உள்ளே நுழைக்கவே முடியாது.

எல்லோருக்கும் அறுவை சிகிச்சை தேவையில்லை. பலருக்குக் காது மெஷினே போதும். மூன்று மாதக் குழந்தைக்கும் மாட்டலாம். காது வேகமாக வளர்வதால், மெஷினைக் காதில் பொருத்தும் அச்சை அடிக்கடி மாற்ற வேண்டியிருக்கும். மாற்றாவிட்டால் மெஷின் கீச்சென்று கத்தும், குழந்தை பிடுங்கி எறியும், வீட்டில் அலமாரிக்கு ஏற்றிவிடுவார்கள். காக்ளியரிலும் வெளியே மாட்டும் பகுதி பழுதானால் செலவு கையைக் கடிக்கும். அறுவை சிகிச்சையைப் படம் எடுத்துப் போடுகிறவர்கள் ஐந்து வருடம் கழித்து அந்தப் பேட்டரிக்கு யார் பணம் கொடுத்தார்கள் என்று கேட்பதில்லை.

பயிற்சி இதைவிட நீண்டது. மெஷின் மாட்டியதும் குழந்தை பேசிவிடாது. கேட்டதைப் பொருளாக்கக் கற்க மாதக்கணக்கில், வருடக்கணக்கில் வாரந்தோறும் பயிற்சி வேண்டும். பயிற்சியின் பெரும்பகுதி வீட்டில் அம்மா வாயால் நடப்பது. இங்கேதான் இந்த எல்லை மாவட்டங்களின் தனிச் சிக்கல் வருகிறது. தேன்கனிக்கோட்டை, தளி, சூளகிரிப் பக்கம் வீட்டு மொழி தெலுங்கு, கன்னடம். பயிற்சி மையத்தில் தமிழ். "வீட்டுல தமிழ்லயே பேசுங்க" என்று அம்மாவுக்கு அறிவுரை சொல்கிறவர்களை என்னால் ஏற்க முடியவில்லை. சரளமாக வராத மொழியில் அம்மா எப்படி நாள் முழுக்கக் கொஞ்சிப் பேசுவாள், கதை சொல்வாள்? குழந்தைக்கு வேண்டியது செழிப்பான பேச்சு, அது அவள் வீட்டு மொழியில்தான் இருக்கிறது. தெலுங்கும் கன்னடமும் அறிந்த பயிற்சியாளர்களை இந்தப் பக்கம் தேடிப் பிடித்து அமர்த்த வேண்டும். கிடைக்காவிட்டால் வீடியோ அழைப்பில் மைசூருவில் 1965இல் தொடங்கிய அகில இந்தியப் பேச்சு, கேட்டல் நிறுவனம் போன்ற இடங்களின் உதவியைக் கேட்கலாம். சைகை மொழியையும் ஆரம்பத்திலிருந்தே சேர்த்துக் கற்றுக்கொடுப்பதில் தவறில்லை. பேச்சு வருமா வராதா என்று காத்திருக்கும் மாதங்களில் குழந்தை எந்த மொழியும் இல்லாமல் இருக்கக் கூடாது.

பிரசவமாகி வீட்டுக்குப் போகும் முன் குடும்பத்தார் கேட்க வேண்டியது சுருக்கமானது. "காது டெஸ்ட் எடுத்தாச்சா? ரெண்டு காதும் பாஸா?" எடுக்கவில்லை என்றால் எங்கே, எந்தத் தேதியில் எடுப்பார்கள் என்று கேட்டு அட்டையில் எழுதி வாங்க வேண்டும். ரெஃபர் என்றால் பயப்பட வேண்டாம், பெரும்பாலும் ஒன்றும் இருக்காது. ஆனால் மறு டெஸ்டுக்குப் போகாமலும் இருக்கக் கூடாது. எஸ்என்சியுவில் ஐந்து நாளுக்கு மேல் இருந்த குழந்தைக்கு ஓஏஇ மட்டும் எடுத்திருந்தால், மூளைத்தண்டு டெஸ்டும் கேட்க வேண்டும். குடும்பத்தில் சின்ன வயதிலேயே காது போனவர் இருந்தாலோ, குழந்தைக்கு மூளைக்காய்ச்சல் வந்தாலோ, பாஸ் ஆன குழந்தையையும் திரும்பக் காட்ட வேண்டும். சில குறைபாடுகள் பிறந்தபின் சில மாதம், சில வருடம் கழித்தே தலை காட்டும். ஒன்பதாம் மாதத் தட்டம்மை-ரூபெல்லா ஊசிக்குப் போகும்போது குழந்தை 'பாபா', 'தாதா' என்று அடுக்குகிறதா என்று செவிலியரிடம் சொல்லுங்கள். இல்லை என்றால் அன்றே மாவட்ட மருத்துவமனையில் உள்ள ஆரம்பநிலை இடையீட்டு மையத்துக்குச் சீட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.